ஆட்டின் பின்னங்கால்

அவரைப் பற்றி யாராவது "எவ்வளவு அடக்கமான மனிசன்" என்று சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். அடக்கமாம்! லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் எங்கள் வீட்டு மாடியில், கட்டிலைப் போட்டால் கதவு பாதிதான் திறக்கும் ஒரு சின்ன அறையில், இரண்டு வருடத்துக்கு மேல் இருந்த மனிதரை எனக்குத் தெரியாதா? அவரிடம் இருந்தது அடக்கம் இல்லை, திமிர். சாதாரணத் திமிர் என்றால் நாலு பேர் நாலு வார்த்தை சொன்னால் இறங்கிவிடும். இது அழுதாலும் இறங்காத திமிர். எங்களுக்குள் பேச்சுவார்த்தை விட்டுப்போய்ப் பத்து வருடம் ஆகப்போகிறது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

விஷயம் சின்னதுதான். அவர் படம் கீறுவார். வரைவதை எங்கள் பக்கத்தில் கீறுவது என்றுதான் சொல்வோம். அவர் கீறிய படத்தை யாராவது கையில் எடுத்து "ஆகா, என்ன வடிவு!" என்று சொல்லிவிட்டால் போதும், கழுத்தை நீட்டி அதை ஒருமுறை பார்ப்பார். பார்த்துவிட்டு, "இது நான் கீறினது இல்லை" என்பார். எங்கள் சாப்பாட்டு மேசையில், எங்கள் கண்முன்னால் கீறி, மை காயாமல் கிடக்கும் படத்தைத்தான் சொல்கிறேன்.

முதல் தடவை பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"மூக்கைப் பாருங்கோ அக்கா. அந்த மூக்கை நான் கீறுவனோ?"

"நீர்தானே தம்பி இப்ப கீறினீர்? நான் பக்கத்தில நிண்டு வெங்காயம் வெட்டிக்கொண்டு நிக்கிறன்."

"கை கீறியிருக்கும். நான் கீறேல்லை."

இப்படிப்பட்ட ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வது, சொல்லுங்கள்.

என் வீட்டுக்காரர் அவருடைய தமையனோடு ஒரே வகுப்பில் படித்தவர். அந்த உறவில்தான் "கொஞ்ச நாளைக்கு இருக்கட்டும்" என்று கூட்டிக்கொண்டு வந்தார். வரும்போது அவருக்கு நாற்பது வயதிருக்கும். மனைவியையும் சின்ன மகளையும் வவுனியாவில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். அகதி விண்ணப்பம் போட்டாயிற்று. முடிவு வரும்வரை வேலை செய்ய அனுமதி இல்லை. ஆகவே விடிந்தால் பொழுதுபட்டால் கீறிக்கொண்டே இருந்தார்.

ஊரில் அவருடைய தொழிலே அதுதான். இளம் வயதில் கொழும்பில் ஒரு விளம்பரக் கம்பனியில் டிவிக்குக் கார்ட்டூன் செய்தாராம். பிஸ்கட்டுக்குக் கை கால் முளைத்து ஆடும், பற்பசை பாடும், அந்த மாதிரி. பிறகு யாழ்ப்பாணம் வந்து, ஒரு பத்திரிகையில் வாராவாரம் கட்டம் கட்டமாகச் சித்திரக்கதை கீறினார். கதாநாயகன் ஒரு ஆடு. அந்த ஆட்டுக்கு ஒரே வேலை, சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீசைத் தின்பது. அரசாங்கம் ஒட்டினாலும் தின்னும், இயக்கம் ஒட்டினாலும் தின்னும், கட்சிக்காரர் ஒட்டினாலும் தின்னும். தின்றுவிட்டு வாசகர் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்க்கும். அந்தப் பார்வைக்காகவே சனம் பேப்பர் வாங்கியது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். படத்தில் கீறியவர் பெயர் இருக்காது.

ஒரு கிழமை அந்த ஆடு ஒரு நோட்டீசைத் தின்னப் பார்த்து, வாயில் வைக்க முடியாமல் துப்பிவிட்டது. யாருடைய நோட்டீஸ் என்று எழுதியிருக்கவில்லை. ஆனால் எல்லாருக்கும் விளங்கிவிட்டது. இரண்டு நாளில் மோட்டார் சைக்கிளில் ஆட்கள் வந்து அச்சகத்தில் இறங்கி, "ஆட்டைக் கீறினவன் ஆர்?" என்று கேட்டார்கள். அவர் பின்பக்கத்து மதிலேறிப் போனவர்தான். ஒருவழியாக லண்டனில் வந்து நின்றார். அந்த ஆடு துப்பிய படத்தினால்தான் அவருக்கு உயிராபத்து. அதைக் கீறியது அவர்தான் என்று காட்டினால் இங்கே இருக்கலாம், மனைவியையும் மகளையும் கூப்பிடலாம். காட்டாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள். இவ்வளவுதான் வழக்கு. எட்டு வயதுப் பிள்ளைக்குக்கூட விளங்கும்.

என் வீட்டு முன் ஜன்னல் அந்த இரண்டு வருடமும் என்னுடையதாக இருக்கவில்லை. திரைச்சேலையை ஒதுக்கிவிட்டு, கண்ணாடியில் கடதாசியை ஒட்டி, அதன் மேல் இன்னொரு கடதாசியை ஒட்டி, வெளி வெளிச்சத்தில் அடிப்படத்தைப் பார்த்து மேற்படத்தைக் கீறுவார். ஆடு ஒரு வேலியைத் தாண்டுவதற்கு ஒரு கட்டுக் கடதாசி வேண்டுமாம். எதிர்வீட்டுக் கிழவி நாங்கள் வீட்டை விற்கப்போகிறோம், அதற்கான அறிவித்தல் என்று நினைத்து வந்து விலை விசாரித்தாள். பிறகு குளியலறைக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்துவிடுவார். படத்தைக் கண்ணாடியில் காட்டி, இடம் வலம் மாறித் தெரியும்போது பார்த்தால்தான் பிழை தெரியுமாம். என் வீட்டுக்காரர் கீழே வந்து சோபாவில் குந்தியிருந்து சவரம் செய்வார்.

அந்த ஆடு வேலி தாண்டும் படத்தை ஒவ்வொன்றாகக் கேமராவில் எடுத்து, ஒருநாள் டிவியில் போட்டுக் காட்டினார். கண்ணை மூடித் திறக்கிற நேரம்தான். ஆனால் அந்த ஆடு வேலிக்கு முன்னால் வந்து நின்று, ஒரு தடவை யோசித்து, பின்பக்கத்தைச் சற்று ஆட்டி, எம்பிப் பாய்ந்து, அந்தப் பக்கம் விழுந்து, யாரும் பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. உண்மையைச் சொல்ல வேண்டும், அந்த மனிதர் கையில் ஏதோ ஒன்று இருந்தது. நான் எழும்பி நின்று கைதட்டினேன்.

"இது நான் செய்தது இல்லை அக்கா," என்றார். "பாயிற இடத்தில குளம்பு வழுக்குது."

நாங்கள் இரண்டு பேரும் மூக்கு முட்ட டிவிக்குக் கிட்ட இருந்து திரும்பத் திரும்பப் பார்த்தோம். ஒரு வழுக்கலும் இல்லை.

தமிழ்ப் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு மேடைத் திரையில் ஒரு மயில் கீறித் தரும்படி நான்தான் கேட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். மண்டபமே அந்த மயிலைப் பார்த்து வாயைப் பிளந்தது. தலைமையாசிரியர் மைக்கில் அவரை மேடைக்குக் கூப்பிட்டார். அவர் பின்வரிசையில் இருந்துகொண்டு, "அது நான் இல்லை, வேற ஆரோ" என்று கையை ஆட்டினார். எல்லாரும் "பாருங்கள், என்ன அடக்கம்!" என்று உருகினார்கள். கதை அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. சிறுமிகள் பரதநாட்டியம் ஆடிக்கொண்டிருக்க, திரைக்குப் பக்கத்தில் ஏணி ஒன்று எழும்பியது. ஏணியில் எங்கள் மாடி அறைக்காரர், கையில் தூரிகை. மயிலின் கால்விரல் சரியில்லையாம். தாளம் போய்க்கொண்டிருக்கிறது, பிள்ளைகள் ஆடிக்கொண்டிருக்கிறார்கள், இவர் மேலே நின்று விரலுக்கு நிறம் பூசுகிறார். ஆடிய ஒரு பிள்ளையின் தாய் அதற்குப் பிறகு என்னோடு முகம் கொடுத்துக் கதைத்ததில்லை. அந்த ஏணிப் படத்தை யாரோ எடுத்து எனக்கு அனுப்பியிருந்தார்கள். கோபத்தில் அழிக்கப் போய், ஏனோ அழிக்காமல் விட்டேன்.

அவருக்கு ஒரு அமெரிக்கன் இருந்தான். கொழும்பில் நடைபாதைக் கடையில் வாங்கிய ஒரு பழைய அமெரிக்கச் சித்திரக்கதைப் புத்தகம், அட்டை கிழிந்தது, அதைக் கொண்டுவந்திருந்தார். அதில் ஓநாயும் முயலும் கோட்டுப் போட்டுக்கொண்டு கார் ஓட்டும், வாடகை வீட்டுக்குச் சண்டை பிடிக்கும். கீறியவன் பெயர் எங்கும் இல்லை. அந்தக் காலத்தில் கம்பனிகள் பெயர் போட விடாதாம். "என்ர அமெரிக்கன்" என்றுதான் அவனைச் சொல்வார், ஏதோ ஒன்றுவிட்ட அண்ணனைச் சொல்வது போல.

ஒரு சனிக்கிழமை டிவியில் பழைய அமெரிக்கக் கார்ட்டூன் ஒன்று போனது. சும்மா பார்த்துக்கொண்டிருந்தவர் துள்ளி எழும்பினார்.

"அண்ணை, நிப்பாட்டுங்கோ! இது அவன்! அந்த ஓநாய் கோப்பையைப் பிடிக்கிற விதத்தைப் பாருங்கோ. இது அவன்ர கை!"

என் வீட்டுக்காரர் விடாமல் இன்டர்நெட்டில் தேடிக் கண்டுபிடித்தார். அப்படி ஒருவன் உண்மையிலேயே இருந்திருக்கிறான். 1940களில் ஸ்டூடியோவில் அசையும் படம் கீறியவன். பிறகு அந்த வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்தபடி மிருகக் கதைகளாகக் கீறித் தள்ளியிருக்கிறான். எதிலும் பெயர் இல்லை. அவன் செத்த பிறகுதான் ரசிகர்கள் படங்களில் உள்ள கையையும் விரலையும் ஒப்பிட்டுப் பார்த்து, எது எது அவனுடையது என்று பிரித்தார்களாம். இதைக் கேட்டு இந்த மனிதர் குழந்தை மாதிரி அழுதார்.

"அவன் உயிரோட இருக்கேக்க கேட்டுப் பாத்திருக்கலாமே?" என்றேன்.

என் வீட்டுக்காரர் மேலும் வாசித்தார். வயது போன காலத்தில் ஒருவர் பழைய பக்கங்களைக் கொண்டுபோய்க் காட்டிக் கேட்டிருக்கிறார். சிலதை ஓம் என்றானாம், பலதைத் தெரியாது என்று தள்ளிவிட்டானாம்.

"சரியான ஆள்," என்றார் நம்முடையவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பிழையானதை எல்லாம் தள்ளியிருப்பான்."

"அவனுக்கு அமெரிக்காவில சொந்த வீடு இருந்தது தம்பி. அவனை ஒருத்தரும் பிளேனில ஏத்தப் பாக்கேல்லை. அதை மறந்துபோகாதேயும்," என்றேன். காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

வழக்கைப் பார்த்தவள் நித்யா. மதுரைப் பக்கத்துப் பிள்ளை, கோலியர்ஸ் வுட்டில் ஒரு கடைக்கு மேல்மாடியில் அவளுடைய அலுவலகம். கெட்டிக்காரி. பழைய பத்திரிகைப் பக்கங்கள் வேண்டும் என்றாள். பத்திரிகை ஆசிரியர் செத்துப்போனார், அச்சகம் பூட்டிக் கிடந்தது. நான் யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் மச்சாளுக்குப் போன் அடித்து அடித்து, அவள் ஒரு வாசிகசாலையில் தூசு தட்டி, ஆட்டுப் படங்களைத் தேடி எடுத்து, உண்மைப் பிரதிதான் என்று சமாதான நீதவானிடம் ஒப்பமும் வாங்கி அனுப்பிவிட்டாள். ஆடு துப்பிய படமும் அதில் இருந்தது. அந்தப் பொதி வந்த அன்று கோயிலில் அர்ச்சனை செய்தேன்.

அவர் அந்தப் படத்தைக் கையில் எடுத்தார், பார்த்தார், முகம் கறுத்துவிட்டது.

"என்ன?" என்றேன்.

"பின்னங்கால், அக்கா. இந்தா, பாருங்கோ. ஆட்டுக்குப் பின்னங்கால் பின்பக்கமா மடியும். இது முன்னால மடிஞ்சு கிடக்குது. ஆட்டுக்கு ஆரும் மனிசன்ர முழங்கால் வைப்பினமோ?"

"நீர்தானே வைச்சனீர்?"

"கரண்ட் போயிட்டுது. அச்சுக்குப் பிளேட் போட ஆள் வாசல்ல நிக்குது. கெதி, கெதி எண்டு கத்துறாங்கள்." கடதாசியைக் கவிழ்த்து வைத்தார். "இதைக் கொண்டுபோய்க் காட்டாதேங்கோ."

நித்யா தெளிவாகச் சொல்லி அனுப்பினாள். "சார், குரோய்டன்ல இமிகிரேஷன் இன்டர்வியூல இந்தப் பக்கங்களைக் காட்டிக் கேப்பாங்க. ஆமா, நான்தான் வரைஞ்சேன்னு சொல்லுங்க. அவ்வளவுதான். மூக்கு, கால், வால் எதையும் பேசாதீங்க."

வீட்டில் ஒத்திகை வைத்தோம். என் வீட்டுக்காரர் கோட்டுப் போட்டுக்கொண்டு அதிகாரியாக இருந்தார்.

"இந்தப் படத்தைக் கீறினது நீங்களோ?"

"ஓம்."

"இது?"

"ஓம்."

"இது?"

அவர் படத்தின் மேல் குனிந்தார். நான் அகப்பையோடு அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தேன். "தம்பி!"

"அண்ணை, அந்தக் காலை மட்டும் ஒருக்கா..."

"காலும் வேண்டாம், கையும் வேண்டாம்! ஓம் எண்டு சொல்லும்!"

"ஓம்," என்றார், வேப்பெண்ணெய் குடித்தவர் மாதிரி. அந்த ஒரு கிழமை முழுக்க இதே வேலைதான். கடைசி நாட்களில் தயங்காமல் சொன்னார். நானும் நம்பிவிட்டேன்.

குரோய்டனுக்கு நான்தான் கூடப் போனேன். மருந்துக்கடையில் எனக்கு ஷிப்ட், அதை மாற்றிக்கொண்டு போனேன். அந்தப் பெரிய கட்டிடத்துக்குள் அவரை விட்டுவிட்டு, எதிரில் ஒரு காப்பிக் கடையில் தெரிந்த தெய்வத்தை எல்லாம் கூப்பிட்டுக்கொண்டு குந்தியிருந்தேன். பின்னேரம் வெளியே வந்தார். முகம் தெளிவாக இருந்தது. எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

"எல்லாம் சொன்னீரோ?"

"சொன்னனான். படங்களைக் காட்டிச்சினம். ஓம் எண்டு சொன்னன்."

"எல்லாத்துக்கும்?"

"ஒண்டைத் தவிர."

டிராம் ஒன்று மணியடித்துக்கொண்டு எங்களைக் கடந்து போனது. எதைத் தவிர என்று நான் கேட்கவேயில்லை. கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

"அது உம்மட படம்தானே?"

"ஓம்."

"அதாலதானே உம்மைத் தேடினவங்கள்?"

"ஓம்."

"பிறகு ஏன் இல்லை எண்டு சொன்னனீர்?"

"அந்தப் பொம்பிளை அதை மேசையில விரிச்சு வைச்சு, விரலை அந்தக் காலுக்குப் பக்கத்தில வைச்சு, இது நீங்களோ எண்டு கேட்டவ. அப்படிக் கேட்டால் என்னண்டு அக்கா ஓம் எண்டு சொல்லுறது?"

நடுத்தெருவில் நின்று கத்தினேன். நாயே பேயே என்றுகூடச் சொல்லியிருப்பேன், எனக்கு நினைவில்லை. "உமக்கு ஒரு பெஞ்சாதி இருக்கிறா! பிள்ளை இருக்குது! ஒரு ஆட்டின்ர காலுக்காக..." என்று தொடங்கி முடிக்க முடியாமல் அழுதுவிட்டேன். ஒரு வெள்ளைக்காரர் நின்று உதவி வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போனார். இவரோ என் கைப்பையை வாங்கிப் பிடித்துக்கொண்டு, நான் அழுது முடியும்வரை பொறுமையாக நின்றார். அந்தப் பொறுமைதான் என்னை இன்னும் விசராக்கியது.

விண்ணப்பத்தை நிராகரித்துக் கடிதம் வந்தது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆபத்துக்குக் காரணமான படத்தைத் தான் கீறவில்லை என்று விண்ணப்பதாரரே சொல்கிறார், பிறகு அவருக்கு என்ன ஆபத்து என்று கேட்டிருந்தார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். வவுனியாவிலிருந்து மனைவி ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் போன் எடுப்பாள். "எங்கட அலுவல் என்ன மாதிரி அக்கா?" என்பாள். மகள் பக்கத்தில் நின்று, அப்பா எப்ப கூப்பிடுவார் என்று கேட்பது எனக்குக் கேட்கும். "நடந்துகொண்டிருக்குது பிள்ளை" என்பேன். வேறு என்ன சொல்ல?

அப்பீல் போட்டார்கள். அந்த அமெரிக்கன் கதையை நான் நித்யாவிடம் சொல்லப் போய், அவளுக்கு ஒரு யோசனை வந்தது. "அக்கா, சூப்பர்! அவரை இங்க கூட்டிட்டு வாங்க. என் கண்ணு முன்னால அதே படத்தை மனசுல இருந்து வரையட்டும். ரெண்டையும் பக்கத்துல வெச்சுக் காட்டினா, ஒரே கைன்னு யாருக்கும் தெரியும்."

கூட்டிக்கொண்டு போனேன். அவளுடைய மேசையில் உட்கார்ந்தார். பழைய படத்தைப் பார்க்கவே இல்லை. கை ஓடியது பாருங்கள், அப்படி ஓடியது. சுவர், சுவரில் அரைவாசி கிழிந்த நோட்டீஸ், ஆட்டின் காது, கோணிய வாய், வாயிலிருந்து பறக்கும் கடதாசித் துண்டு. நித்யா இரண்டையும் பக்கத்தில் வைத்தாள். ஒன்றை ஒன்றின் மேல் வைத்தால் பொருந்தும். அவள் முகம் மலர்ந்து, அப்படியே வாடிவிட்டது.

"சார், இந்தக் கால்?"

"அதுதான் கால், தங்கச்சி."

"பேப்பர்ல வேற மாதிரி இருக்கே."

"அது பிழை. இதுதான் சரி."

"அந்தத் தப்புதான் சார் நமக்கு வேணும்! தப்போடயே வரைங்க!"

இன்னொரு கடதாசி எடுத்தார். எல்லாம் கீறி, காலுக்கு வரும்போது கை நின்றது. பிறகு மெல்ல நகர்ந்து, கால் பின்பக்கமாக, அழகாக, உயிருள்ள ஆட்டின் காலாக மடிந்தது. மூன்றாவது கடதாசியை நித்யா நீட்டினாள். பென்சிலை மேசையில் வைத்துவிட்டார்.

"தெரிஞ்சுகொண்டு பிழையாக் கீற எனக்கு ஏலாது தங்கச்சி. குறை நினையாதேங்கோ."

நித்யா தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "அக்கா, நான் எத்தனையோ பேரைப் பாத்திருக்கேன். செய்யாததைச் செஞ்சேன்னு சொல்றவங்களைப் பாத்திருக்கேன். இப்படி ஒரு ஆளைப் பாக்கல. இனிமே என்னால என்ன பண்ண முடியும்னு தெரியல."

திரும்பி வரும்போது ரயிலில் அவரைப் பார்க்கவே பிடிக்காமல் எதிர்ப்பக்கத்தில் போய் இருந்தேன். ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் போகப் போக, எனக்கு ஒன்று விளங்கியது. அந்தப் படம் இவருடையது என்பதற்கு என்னைவிட நல்ல சாட்சி இல்லை. வீட்டுக்கு வந்ததும் நித்யாவுக்கு எடுத்து, "நான் கோர்ட்டில கதைக்கிறன்" என்றேன். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் வரமாட்டார்.

விசாரணை அன்று அரசாங்கத் தரப்பில் ஒரு இளம் பெடியன், மரியாதையாகத்தான் கேட்டான். நான் ஓவியம் படித்தவளா? இல்லை, மருந்துக்கடையில் நிற்கிறேன். அவர் யாழ்ப்பாணத்தில் அந்தப் படத்தைக் கீறியபோது நான் பார்த்தேனா? இல்லை. அப்படியானால் அது அவருடையது என்று எப்படிச் சொல்கிறேன்?

"அவர் தன்னுடையது இல்லை என்று சொன்னபடியால்," என்றேன்.

நீதிபதி ஒரு வயதான அம்மா. கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். விளக்கமாகச் சொல்லும்படி கேட்டார். விட்டேனா? எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன். வெங்காயம் வெட்டும்போது கீறிய மூக்கைச் சொன்னேன். வேலி பாய்ந்த ஆட்டைச் சொன்னேன். மயிலைச் சொல்லி, ஏணியில் அவர் நிற்கும் படத்தையும் கொடுத்தேன். வேறு ஆட்கள் கீறிய படத்தைக் காட்டினால் அவர் ஒன்றும் சொல்லமாட்டார், பேசாமல் திருப்பித் தந்துவிடுவார் என்றேன். "இது நான் கீறினது இல்லை" என்பதைத் தான் கீறியதற்கு மட்டும்தான் சொல்வார். இரண்டு வருடம் என் வீட்டில் இதைக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. நித்யா அந்த இரண்டு புதுப் படங்களையும் பழைய படத்துக்குப் பக்கத்தில் எடுத்து வைத்தாள். எல்லாம் ஒன்று, கால் மட்டும் வேறு.

"அவர் பொய்க்காரன் இல்லை அம்மா," என்றேன். "அவசரத்தில் ஒரு அசிங்கமான காலைக் கீறிவிட்டார். அது அவருக்கு வெட்கம். அந்த வெட்கத்தைவிடச் சாவு பரவாயில்லை என்று நினைக்கிற திமிர் பிடித்தவர். அவ்வளவுதான்."

மொழிபெயர்ப்பாளர் அவருடைய காதுக்குள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அந்தப் பக்கம் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டிருந்தார். காதிரண்டும் சிவந்துபோயிருந்தன. கொலை செய்துவிட்டுப் பிடிபட்டவன்கூட அப்படிக் குனிந்திருக்கமாட்டான். நீதிபதி அவரிடம், இந்த அம்மா சொல்வது சரியா என்று கேட்டார். நித்யா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"கால் பிழை," என்றார்.

மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார். நீதிபதி எழுதிக்கொண்டார்.

அன்றிலிருந்து வீட்டில் அவர் என்னோடு கதைக்கவில்லை. சாப்பாட்டை எடுத்துக்கொண்டு மேலே போய்விடுவார். ஜன்னலில் கடதாசி ஒட்டவுமில்லை. கோர்ட்டில் தோற்றுவிடுவோம் என்ற பயத்தில் இருக்கிறார் என்று நான்தான் முட்டாள்தனமாக நினைத்துக்கொண்டேன். சில கிழமைகள் கழித்து ஒரு மத்தியானம் நித்யாவின் போன் வந்தது. "அக்கா, ஜெயிச்சுட்டோம்! அப்பீலை அலோ பண்ணிட்டாங்க!" என்று கத்தினாள். நான் போனைக் காதில் வைத்தபடியே மாடிப்படியில் நின்று அவரைக் கூப்பிட்டேன். இறங்கி வந்தார். நித்யா அவரிடமும் சொன்னாள். "நன்றி தங்கச்சி" என்றார். போனை என்னிடம் தந்துவிட்டுச் சமையலறையில் வந்து நின்றார்.

"நீங்கள் அதை அங்க சொல்லியிருக்கக் கூடாது அக்கா."

"எதை?"

"அந்தக் கால் என்ர எண்டு."

"இப்ப நித்யா என்ன சொன்னவ எண்டு விளங்கினதோ உமக்கு? நீர் இனி இஞ்ச இருக்கலாம். அவையைக் கூப்பிடலாம்."

"விளங்கினது. தீர்ப்பில எழுதியிருப்பினம். அந்தப் படத்தைக் கீறினது நான்தான் எண்டு. அரசாங்கத்தின்ர கடதாசியில. இனி அதை ஆரும் மாத்த ஏலாது."

"நான் சொல்லாட்டி உம்மைப் பிளேனில ஏத்தியிருப்பாங்கள்!"

"ஏத்தியிருக்கட்டும்," என்றார்.

கோபத்தில் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பேன். கோபம் இல்லை. ஆற அமர யோசித்து வைத்திருந்ததை எடுத்துச் சொல்வது போலச் சொன்னார். மனைவி, பிள்ளை, நாங்கள் பட்ட பாடு, மச்சாள் தட்டிய தூசு, நித்யாவின் தலைவலி எல்லாம் ஒரு பக்கம், அந்தக் கால் ஒரு பக்கம். அடுப்பில் கறி கொதித்துக்கொண்டிருந்தது. அகப்பையால் ஒன்று போடலாமா என்றுகூட நினைத்தேன்.

அப்போது மறுபடி போன் அடித்தது. வவுனியாவிலிருந்து அவருடைய மனைவி. என் வீட்டுக்காரர் வேலையிலிருந்தே அவளுக்குச் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. அழுகிறாள், சிரிக்கிறாள், ஒரு வசனமும் முழுதாக வரவில்லை. பின்னால் மகள் துள்ளுவது கேட்டது. நான் போனை அவரிடம் நீட்டினேன். அவர் கையை நீட்டவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"அக்கா," என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அவர் பக்கத்தில நிக்கிறாரோ? சந்தோசமா இருக்கிறாரோ?"

நான் அவருடைய முதுகைப் பார்த்தேன்.

"ஓம் பிள்ளை," என்றேன். "நல்ல சந்தோசமா இருக்கிறார்."